பவர் சா பிடிக்கும் கைக்கு யார் பொறுப்பு?

காங்கேயத்தில் தொழிற்சாலைச் சட்டத்துக்கு உட்பட்ட ஓர் அரிசி ஆலையிலோ எண்ணெய் ஆலையிலோ ஓடுகிற பெல்ட்டையும் சக்கரத்தையும் திறந்து போட்டு வைக்க முடியாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 21-ஆவது பிரிவில், ஓடும் பாகங்களைத் தடுப்பு போட்டு மூட வேண்டும் என்றது. மூடாவிட்டால் கேட்பதற்கு ஓர் ஆய்வாளர் உண்டு, பதில் சொல்ல ஒரு முதலாளி உண்டு. அந்த எண்ணெய் ஆலைக்குக் கொப்பரை தருகிற தென்னந்தோப்பு ஒரு மைல் தள்ளி இருக்கும். அங்கே பட்டுப்போன மரத்தை வெட்ட வருகிறவர் கையில் இருக்கும் பவர் சாவில், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு செயின் திறந்தபடி ஓடுகிறது. மணிக்கணக்கில் சொன்னால் 72 கிலோமீட்டர். சாதாரண அளவுள்ள செயினில் நொடிக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பற்கள் ஓர் இடத்தைக் கடந்து போகும். அதைப் பிடித்திருப்பவர் கைலியோ அரைக்கால் சட்டையோ போட்டுக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு நிற்கிறார். இந்த வேலைக்கு முதலாளி யார் என்று கேட்டால் தோட்டத்துக்காரர் மர வியாபாரியைக் காட்டுவார், வியாபாரி மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி மெஷின் பிடிப்பவரையே காட்டுவார். கடைசியில் அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு ஒரே ஒரு சொல்: "பாத்து, கவனமா வெட்டு."

அந்தச் சொல் போதாது என்பதே என் வாதம். கவனம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பவர் சா விபத்துகளில் மிக மோசமானவை கவனம் வந்து சேர்வதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுபவை. ஆகவே பாதுகாப்பைத் தொழிலாளியின் குணத்தில் தேடுவதை விட்டு, மெஷினின் விலையிலும் வாடகையிலும் வெட்டுக்கூலியிலும் சேர்த்தாக வேண்டும். அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் மரத்தால் ஆதாயம் பெறுகிறவர்கள்.

மெஷினைப் பழிப்பது என் நோக்கமல்ல. திருப்பூர்ப் பனியன் தொழில் இந்த வட்டாரத்து ஆள்பலத்தை இழுத்துக்கொண்ட பிறகு, கோடரியும் இழுவை ரம்பமும் வைத்து நான்கு பேர் ஒரு நாள் முழுவதும் செய்த வேலையைச் செய்ய ஆள் கிடைப்பதில்லை. வறட்சியில் மட்டை தொங்கிப்போன தென்னையைத் தோப்பிலேயே விட்டுவைத்தால் காண்டாமிருக வண்டு அதில் பெருகி நல்ல மரத்துக்குப் போகும். மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் நிற்கும் வெள்வேலம் காற்றில் சாய்ந்து கிளுவை வேலி மேல் விழுந்தால், மாடு வெளியே போவதற்குள் அறுத்து எடுத்தாக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் சாய்த்த லட்சக்கணக்கான தென்னைகளைக் கைரம்பத்தால் அப்புறப்படுத்தியிருக்க முடியாது. மெஷின் வந்தது நல்லதற்கே. அது வந்த விதத்தில்தான் கோளாறு. கூரியரில் ஓர் அட்டைப்பெட்டி வருகிறது. உள்ளே ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் ஒரு கையேடு. அதை ஓரமாக வைத்துவிட்டு, யாரோ ஓட்டிக் காட்டிய வீடியோவைப் பார்த்து, மறுநாளே மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள்.

கவனம் ஏன் போதாது என்பதை மெஷினின் மூக்கிலேயே பார்க்கலாம். செயின் சுற்றி ஓடும் நீளமான தகட்டைப் பார் என்கிறார்கள். பாரின் முனை வளைவாக இருக்கும். அந்த வளைவின் மேல் கால்பகுதி எதன் மீதாவது பட்டால் அங்கே பல் வெட்டுவதில்லை, கடித்து நின்றுவிடுகிறது. செயினை ஓட்டிக்கொண்டிருந்த விசை அத்தனையும் அந்த நொடியில் பாரைத் தூக்கி, பிடித்திருப்பவரின் முகத்தையும் கழுத்தையும் பார்த்து வீசுகிறது. மெஷின் உதைக்கிறது என்பார்களே, அதுதான் இது. ஒரு மனிதரின் கண் கண்டு, மூளை உணர்ந்து, கை நகர்வதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். உதை அதற்குள் முடிந்துவிடும். எவ்வளவு விழிப்பானவராக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மாற்றக்கூடியது முன்கைப்பிடிக்கு மேலே நிற்கும் அந்தக் கறுப்புத் தடுப்பு ஒன்றுதான். உதை வந்தவுடன் மணிக்கட்டு அதில் இடித்தோ, எகிறலின் வேகத்தாலேயோ அது முன்னால் சாய்ந்து செயின் பிரேக்கைப் போட்டுவிடும். உலகில் 1970-களிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. ஆனால் உடைந்த தடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் மெஷின்களும், மரத்தூள் அடைத்துப் பிரேக் இறுகிப்போன மெஷின்களும் புழக்கத்தில் உள்ளன. காலையில் பெட்ரோல் ஊற்றும்போதே மெஷினை முடுக்கி, தடுப்பைத் தள்ளி, செயின் நிற்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டுக் கூலி கொடுப்பவர் இருந்தால் அது தினமும் நடக்கும்.

செயினின் பல்லையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுப் பல்லுக்கும் முன்னால் சின்ன மேடு ஒன்று இருக்கும். பல் ஒரு தடவைக்கு எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அந்த மேடுதான் கட்டுப்படுத்துகிறது. பல்லுக்கு உருண்டை அரமும் மேட்டுக்குத் தட்டை அரமும் போட வேண்டும். மேட்டைக் கொஞ்சம் அதிகமாக அராவிவிட்டால் மெஷின் மரத்தை வாரி வாரித் தின்னும், வேலை சீக்கிரம் முடியும், உதையும் அதே அளவு கூடும். அராவாமல் விட்டால் வேறு ஆபத்து. கூர்மையான செயின் சில்லுச் சில்லாகத் தள்ளும். மொக்கையான செயினிலிருந்து மாவு போலத் தூள் வரும். அப்போது பிடித்திருப்பவர் உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்தத் தொடங்குவார். அழுத்தும் கை மரம் விட்டவுடன் நிற்காது, பார் நேராக முழங்காலுக்கு இறங்கும். அமெரிக்காவில் 2009 முதல் 2013 வரை அவசரச் சிகிச்சைக்கு வந்த பவர் சா காயங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். அவற்றில் கையும் விரலும் முழங்காலுமே அதிகம். நம் ஊரில் அப்படி ஒரு கணக்கெடுப்பைத் தொடங்க வேண்டும் என்பதும் என் கோரிக்கைகளில் ஒன்று. மருத்துவமனைப் பதிவேட்டில் எந்தக் கருவியால் காயம் என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

தென்னை விஷயம் தனி. பவர் சா பாடமெல்லாம் பெரும்பாலும் பைன் போன்ற மரங்களை வைத்து எழுதப்பட்டது. விழ வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் ஒரு வாய் வெட்டி, எதிர்ப்பக்கம் சற்று மேலே பின்வெட்டு போட்டு, நடுவில் மரத்தின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கை அறுக்காமல் விட வேண்டும். அந்தப் பட்டை கதவின் கீல் போல மரத்தை மெதுவாகச் சாய்க்கும். தென்னைக்கு வைரம் பாய்ந்த நடுப்பகுதி கிடையாது. வெளி வட்டம் இரும்பு போல நார், உள்ளே சோறு. அந்த நார் செயினில் சுற்றிக்கொள்ளும், பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும், நடுவில் விட்ட பட்டை நம்பியபடி பிடிக்காது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. எந்தத் தோட்டத்துக்காரரும் காய்க்கிற நல்ல மரத்தை வெட்டச் சொல்வதில்லை. சிவப்புக் கூன்வண்டு துளைத்துக் கூடாக்கிய மரத்தையும், தஞ்சாவூர் வாடல் வந்து அடித்தண்டு அழுகிய மரத்தையுமே வெட்டச் சொல்கிறார். அதாவது, வெளியே முழுசாகத் தெரிந்து உள்ளே ஒன்றும் இல்லாத மரங்கள்தான் அறுப்பவர் முன்னால் வந்து நிற்கின்றன. பாதி அறுக்கும்போதே அவை மடங்கி உட்காரும், அல்லது வெட்டிய வாய்க்கு எதிராகத் திரும்பும். அறுப்பவருக்கு ஓடும் வழி பின்னால் சாய்வாக இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. ஆனால் பாத்தி வரப்பும் சொட்டுநீர்க் குழாயும் ஊடுபயிரும் உள்ள தோப்பில் அந்த வழியை யார் ஒதுக்கித் தருவது? மரத்தின் அடியில் ஓட்டை இருப்பதும், மேலே மின்கம்பி போவதும், பக்கத்தில் கிணறு இருப்பதும் தோட்டத்துக்காரருக்கு ஆண்டுக்கணக்காகத் தெரியும். காலையில் வண்டியில் வந்து இறங்கிய ஆளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு அருகில் நிற்கும் மரத்தை அடியோடு சாய்க்க முடியாதபோது ஏறித்தான் துண்டு துண்டாக அறுக்கிறார்கள். கயிற்றில் கட்டிய மெஷினை மேலே இழுத்து, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அறுப்பதைப் பலரும் திறமை என்று அண்ணாந்து பார்க்கிறார்கள். பவர் சாவை ஒற்றைக் கையில் பிடிக்கக் கூடாது, தோளுக்கு மேலே தூக்கி அறுக்கக் கூடாது, ஏணியில் நின்று அறுக்கவே கூடாது என்பவை உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட விதிகள். ஒற்றைக் கையில் உதையைத் தாங்க முடியாது என்பதுதான் காரணம். வெள்வேலமும் புளியும் வேறு வகையில் ஏமாற்றும். சாய்ந்து கிடக்கும் கிளையின் ஒரு பக்கம் இறுக்கத்திலும் மறுபக்கம் இழுவிசையிலும் இருக்கும். இறுகிய பக்கத்தில் ஆழமாக வெட்டினால் பார் மாட்டிக்கொள்ளும். இழுவிசை உள்ள பக்கத்தை ஒரேயடியாக வெட்டினால் கிளை தெறித்து அடிக்கும். இதையெல்லாம் கண்டுபிடிக்கக் கற்றுத்தர முடியும், கற்றுத்தர நாள் பிடிக்கும். அந்த நாளுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

கூலி முறையே கவனத்துக்கு எதிராக நிற்கிறது என்பதுதான் இந்தப் பிரச்சினையின் வேர். மரத்துக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு, லோடுக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. லாரி வந்து நின்றுகொண்டிருக்கும். பிரேக் சரிபார்க்கும் நேரம், செயின் அராவும் நேரம், சுற்றி நிற்கும் பிள்ளைகளை விரட்டும் நேரம், சூடான மெஷின் ஆறும்வரை பெட்ரோல் ஊற்றாமல் காத்திருக்கும் நேரம், இவை எல்லாம் அறுப்பவரின் பையிலிருந்து போகின்றன. கோடையில் காய்ந்த கொழுக்கட்டைப் புல்லின் மேல் சூடான மெஷினை வைத்து எண்ணெய் கலந்த பெட்ரோல் ஊற்றுவது எவ்வளவு ஆபத்து என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். காத்திருந்தால் அன்றைய லோடு குறையும் என்பதும் தெரியும். ஒருவர் பாதுகாப்பாக வேலை செய்தால் அவருக்கே நட்டம் வரும்படி கூலியை அமைத்துவிட்டு, விபத்து நடந்த பிறகு "அவசரப்பட்டுட்டான்" என்று சொல்வது நியாயமில்லை. உள்ளே கூடான மரம், மின்கம்பி அருகில் உள்ள மரம், ஏறி வெட்ட வேண்டிய மரம் ஆகிய மூன்றுக்கும் எண்ணிக்கைக் கூலியை விட்டு நாள்கூலி பேச வேண்டும், துணைக்கு ஓர் ஆளுக்கும் சேர்த்து. இது பெரிய தொகையும் அல்ல. ஒரு தோப்பில் அப்படிப்பட்ட மரங்கள் சில மட்டுமே இருக்கும்.

பவர் சாவை விட மோசமான ஒன்று தச்சுப் பட்டறைகளிலும் வீட்டு வேலைகளிலும் பரவியிருக்கிறது. கல்லும் டைல்ஸும் அறுப்பதற்காகச் செய்த நான்கு அங்குல கட்டர் மெஷினில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி, மூடியைக் கழற்றிவிட்டுப் பலகை அறுக்கிறார்கள். நிமிடத்துக்கு 12,000 சுற்று வரை ஓடும் அந்த பிளேடின் விளிம்பு வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். வெல்டிங் பட்டறை கிரைண்டரில் பவர் சா செயின் சுற்றிய வட்டத்தகட்டை மாட்டி மட்டை வெட்டுகிறவர்களும் உண்டு. பவர் சாவிலாவது பிரேக் இருக்கிறது, இரண்டு கையையும் பாரிலிருந்து தள்ளி வைக்கும் கைப்பிடிகள் இருக்கின்றன, விரலை எடுத்தால் செயின் நிற்கும். கிரைண்டரில் பல மாதிரிகளில் சுவிட்சைத் தள்ளிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், கை தவறிக் கீழே விழுந்தாலும் ஓடும். மரத்துக்கான பிளேடை மூடி இல்லாத கிரைண்டரில் மாட்டும்படி விற்பதை ஒரு கடைக்காரர் நிறுத்தினால் பல விரல்கள் தப்பும். இந்த ஒன்றில் மட்டும் நான் எந்தச் சமாதானத்துக்கும் தயாராக இல்லை. இதைப் பாதுகாப்பாகச் செய்ய வழியே கிடையாது, விற்பனையைத் தடுக்கத்தான் வேண்டும்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். "இருபது வருஷமா மெஷின் பிடிக்கிறவருக்கு நீ பாடம் எடுக்கிறதா?" என்பது முதல் கேள்வி. அனுபவசாலியின் கணிப்புக்கு ஈடு எதுவும் இல்லை என்பது உண்மை. மரம் எந்தப் பக்கம் சாயும் என்பதை அவர் சொல்வதுபோல் எந்தப் புத்தகமும் சொல்லாது. ஆனால் அனுபவம் உதையின் வேகத்தைக் குறைப்பதில்லை. மேலும் இந்த மெஷினைப் பொறுத்தவரை அனுபவமே ஒரு காயம். பிரிட்டனில் பவர் சா பிடித்த வனத் தொழிலாளர்களுக்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போவதை 1960-களில் கவனித்தார்கள். இடைவிடாத அதிர்வு விரல் நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுப்பதால் வருவது அது. 1985-இல் அங்கே அதைத் தொழில் நோயாகவே அறிவித்தார்கள். நம் ஊர் வெயிலில் விரல் வெளுப்பது அவ்வளவாகத் தெரியாமல் போகலாம், மரத்துப்போவதும் பிடி தளர்வதும் தெரியாமல் போகாது. சத்தமும் அப்படியே. 100 டெசிபலைத் தாண்டி இரையும் மெஷினைக் காதில் எதுவும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பிடித்தவருக்கு, பின்னால் நின்று "மரம் திரும்புது, ஓடு!" என்று கத்தினால் கேட்காது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள் பிய்ந்தால் மாற்றுவதும், காதுக்கு மூடி கொடுப்பதும் புது ஆளை விடப் பழைய ஆளுக்கே அதிகம் தேவை.

"சித்திரை வெயிலில் கால்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியுமா?" என்பது அடுத்தது. இது நேர்மையான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. பவர் சாவுக்கான கால்கவசத்தில் நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். செயின் பட்டதும் இழைகள் வெளியே இழுபட்டு, செயினை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்திவிடும். அமெரிக்காவில் 1995 முதல் மரம் வெட்டும் தொழிலில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். அது கனமானது, சூடானது. ஆனால் முன்பக்கம் மட்டும் மூடி, பின்பக்கம் வாரால் கட்டும் வகையும் உண்டு. அதை நாள் முழுவதும் போட வேண்டியதில்லை, மெஷின் ஓடும்போது போட்டால் போதும். வெட்டு வேலையைக் காலை ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை வைத்துக்கொண்டு, மட்டை இழுப்பதையும் அடுக்குவதையும் மாலைக்கு ஒதுக்கலாம். வெயிலைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் கைவிடுவதை ஏற்க முடியாது. செயின் பிரேக் சூடேற்றுவதில்லை. முகத்துக்கு வலை போட்ட தலைக்கவசமும் கனத்த பூட்ஸும் எந்த வெயிலிலும் தாங்கக்கூடியவை. விலையைப் பற்றிச் சொல்கிறவர்களுக்கு ஒரு கணக்கு: தலைக்கவசம், காதுமூடி, கால்கவசம், பூட்ஸ் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு தரமான பவர் சாவின் விலையை விடக் குறைவாகவே வரும். மலிவு மெஷினோடு ஒப்பிட்டால்தான் அதிகமாகத் தெரிகிறது. மெஷின் அவ்வளவு மலிவாக வருவதற்கு, அதன் ஆபத்தை வாங்குகிறவர் தன் உடம்பில் ஏற்றுக்கொள்வதும் ஒரு காரணம்.

"நான் மரத்தை விற்றுவிட்டேன், வெட்டுவது வியாபாரியின் பாடு" என்பது தோட்டத்துக்காரரின் வாதம். "நான் மேஸ்திரிக்கு மொத்தமாகப் பேசிவிட்டேன்" என்பது வியாபாரியின் வாதம். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், பனையேறுவதும் மரம் வெட்டுவதும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தன. இந்த வேலைகளில் அமர்த்தப்பட்டவர் வேலையின்போது காயப்பட்டால் அமர்த்தியவர் இழப்பீடு தர வேண்டும். தன் தொழிலின் பகுதியான வேலையை இடையில் ஒப்பந்தக்காரரை வைத்துச் செய்வித்தாலும் அந்தப் பொறுப்பு கழன்றுவிடாது என்று அதன் 12-ஆவது பிரிவு சொன்னது. மரம் வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர், வெட்டுவது தன் தொழில் இல்லை என்று சொல்வது கடினம். இன்னொரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். தரப்பட்ட பாதுகாப்புத் தடுப்பைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றியதால் காயம் வந்தது என்று அமர்த்தியவர் வாதாடலாம். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் அந்த வாதம் செல்லாது. மற்றவற்றுக்கும் "தரப்பட்ட" என்பதை அவர் காட்டியாக வேண்டும். கவசமே கொடுக்காதவர் கவசம் போடவில்லை என்று குற்றம்சாட்ட முடியாது. 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த ஏற்பாட்டைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. நூறாண்டாக இருக்கும் உரிமை இது. காகிதத்தில் ஒப்பந்தமே இல்லாத வேலையில் அதைக் கேட்டு வாங்குவது கடினம் என்பதால்தான், வெட்டுக்கு முன்பே யார் அமர்த்துகிறார் என்பதை ஒரு வரி எழுதி வைக்க வேண்டும் என்கிறேன்.

"இதற்கும் சட்டம் போட்டால் சின்ன ஆள்தான் அடிபடுவான்" என்கிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. மெஷின் வைத்திருக்கும் ஒரு தொழிலாளியை நிறுத்தி லைசென்ஸ் கேட்டு அபராதம் போடும் சட்டத்தை நானும் எதிர்ப்பேன். ஆனால் கதிரடிக்கும் இயந்திரத்தின் வரலாறு வேறு வழியைக் காட்டுகிறது. 1970-களில் வட இந்தியக் கோதுமை வயல்களில் கதிர் தள்ளும்போது கை உள்ளே போய் ஊனமானவர்கள் ஏராளம். அங்கேயும் முதலில் தொழிலாளியின் கவனக்குறைவு என்றே பேசினார்கள். பிறகுதான் கதிர் போடும் வாயின் நீளமும் மூடியும் சரியில்லை என்பது புரிந்தது. 1979-இல் அதற்கான இந்தியத் தர விதி வந்தது, 1983-இல் நாடாளுமன்றம் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. அந்தச் சட்டம் தயாரிப்பவரையும் விற்பவரையும் முதலில் பிடித்தது, காயப்படும் தொழிலாளிக்கு இழப்பீடு என்றது. வேளாண்மையிலும் ஊரகத்திலும் புழங்கும் பிற இயந்திரங்களை அறிவிக்கையின் மூலம் சேர்க்கும் அதிகாரத்தையும் மத்திய அரசுக்குத் தந்தது. பவர் சாவை அந்த வழியில் கொண்டுவருவதுதான் முறை. செயின் பிரேக் இல்லாத மெஷின் விற்பனைக்கே வரக் கூடாது, தமிழில் கையேடு இல்லாமல் தமிழ்நாட்டில் விற்கக் கூடாது என்றால், அதில் எந்தச் சின்ன ஆளும் அடிபடப் போவதில்லை.

பயிற்சிக்கும் முன்மாதிரி கையருகே இருக்கிறது. தென்னை ஏற ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சி, ஏறுவதற்கு ஒரு கருவி, கூடவே விபத்துக் காப்பீடு. மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கொடுத்தார்கள், தனித்தனியாக விட்டிருந்தால் பயிற்சி மட்டும் நடந்து முடிந்திருக்கும். காய் பறிக்க ஏறுகிறவருக்குக் கொடுத்த அதே பொட்டலத்தை, காய்ப்பு நின்ற மரத்தை அறுக்கிறவருக்கும் கொடுக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறை புதர் வெட்டும் கருவி முதல் தென்னை ஓலையைத் துகளாக்கும் கருவி வரை மானியத்தில் தருகிறது. வெட்டும் பல் உள்ள எந்தக் கருவிக்கு மானியம் கொடுத்தாலும் கவசத்தின் விலையையும் மானியத் தொகைக்குள் சேர்த்து, ஒரு நாள் பயிற்சிச் சான்று காட்டினால்தான் கருவி கைக்கு வரும் என்று வைக்கலாம். வாடகைக் கடைக்காரர்கள் இதைவிட எளிதாகச் செய்யலாம். மெஷினோடு கவசப் பையையும் கொடுத்து, இரண்டும் திரும்ப வந்தால்தான் முன்பணம் திரும்பும் என்று சொன்னால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் விபத்து நடக்கும். நடந்தால் செய்ய வேண்டியதை மெஷின் இருக்கும் எல்லா இடத்திலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இரத்தம் பீறிடும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்த வேண்டும். மஞ்சளோ காப்பித்தூளோ அப்பக் கூடாது. துண்டான விரலை நல்ல தண்ணீரில் அலசி, ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைக்க வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் பட்டால் திசு செத்துவிடும். விரலுக்கு நேரம் சற்றுத் தாராளம், தசை நிறைந்த முன்கைக்கு ஆறு மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டம் திரும்பியாக வேண்டும். துண்டான கையைப் பொருத்தும் நுண் அறுவைச் சிகிச்சையில் உலகப் பெயர் பெற்ற கங்கா மருத்துவமனை கோவையில்தான் இருக்கிறது. காங்கேயத்திலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல். தோட்டத்தின் உள்வழியில் ஆம்புலன்ஸ் வருமா, கைப்பேசிக்கு அங்கே சிக்னல் உண்டா என்பதை வெட்டத் தொடங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் தனியாளாகப் பவர் சா பிடிக்கவே கூடாது.

"யார் போய்ச் சோதிப்பது? தோட்டம் தோட்டமாக ஆய்வாளர் போக முடியுமா?" என்பது கடைசிக் கேள்வி. முடியாதுதான். ஆனால் ஓர் ஊராட்சியில் பவர் சா வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பது ஊருக்கே தெரியும், விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களின் பெயரை எழுதி, உழவர் பாதுகாப்புத் திட்டத்திலோ உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்திலோ பதிவு செய்து, ஊராட்சிப் பணத்தில் இரண்டு கவசப் பைகளை அலுவலகத்தில் வாங்கி வைக்க எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை. கூடான மரத்துக்கு நாள்கூலி, மின்கம்பி அருகே வெட்டுவதற்கு முன் மின்வாரியத்துக்குத் தகவல், ஏறி வெட்டும் வேலைக்குக் குறைந்தது இரண்டு ஆள் என்று ஊர் வழக்கமாகவே தீர்மானம் போடலாம். மே 1 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. ஆடிக் காற்றுக்கு முன்னால் மரம் கழிக்கும் வேலை அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். காங்கேயம் ஒன்றியத்து ஊராட்சிகள் இந்தத் தீர்மானத்தை அன்றைய நிகழ்ச்சி நிரலில் வைக்கட்டும், மெஷின் பிடிக்கிறவர்களையும் கூட்டத்துக்கு அழைத்து அவர்களே கூலியையும் நிபந்தனையையும் சொல்ல விடட்டும்.